மேனேஜரை மறக்காத பெட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் பழைய கட்டடத்துக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவே கம்ப்யூட்டர் சேதிகளைக் கடத்திவிட ஒரு பெட்டி உண்டு. எந்தக் கம்ப்யூட்டர் எந்தப் பக்கமிருந்து பேசுகிறது என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் பேச்சுமூச்சு இல்லாவிட்டால் மறந்துவிடும்; மறுபடி பேசினால் எந்தப் பக்கம் என்று புதிதாகக் குறித்துக்கொள்ளும்.

இது மேனேஜர் ஏகாம்பரத்தின் காதுக்கு எட்டியது.

"என்னையுமா மறக்கும்?" என்று குதித்தார். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் தெய்வானையைக் கூப்பிட்டார். "என் கம்ப்யூட்டரை அது ஒருநாளும் மறக்கக் கூடாது. மறந்தா உனக்கு வேலை இல்லை."

"நீங்க இடம் மாறினா சிக்கலாயிடுங்க சார்."

"சொன்னதைச் செய்!"

செய்துவிட்டாள்.

அடுத்த வாரம் மேனேஜர் கம்ப்யூட்டரோடு பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்து ஏசி ரூமுக்குக் குடிபோனார். அன்று அவருக்கு ஒரு சேதியும் வரவில்லை. டீயும் வரவில்லை. டீக்கார மாரப்பனைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்.

"பழைய ரூம்லயே வெச்சுட்டேனுங்க. நீங்க இருக்கிற எடத்தை மறக்கவே கூடாதுன்னு தெய்வானை சொல்லுச்சுங்க."

"ஆள் இடம் மாறினா பழசை மறக்க வேண்டாமாய்யா?"

பக்கத்தில் நின்ற தெய்வானை பவ்யமாகச் சொன்னாள்: "பெட்டியும் நீங்க சொன்னபடி மறக்காம, உங்க சேதியெல்லாம் பழைய கட்டடத்துப் பக்கமே அனுப்பிட்டிருக்குதுங்க சார். டீக்குப் பக்கத்துல அதுவும் ஆறிட்டிருக்கு."

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, மறக்கச் சொல்லு."

இப்போது ஐந்து நிமிடம் சத்தமில்லாவிட்டால் பெட்டி மேனேஜரையும் மறந்துவிடுகிறது. கம்பெனி ஆட்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. மனுஷன் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால்தானே!