பசுந்தீவில் ஒரு மணி நேரம்

“தினமும் ஒரு மணி நேரம் அவகூட விளையாடறேனுங்க சாமி. அப்படியும் இந்த லீவுக்கு வரமாட்டேன்னுட்டா. ஏனுங்க?”

வேலாயுதச் சாமி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“யாரு?”

“எம்பொண்ணுங்க. மிருதுளா. ஏழாவது படிக்கறா. கோயமுத்தூர்ல அவங்கம்மாகூட இருக்கா. நான் சென்னையில. நாங்க பிரிஞ்சுட்டோமுங்க.”

“ஏன் வரலைன்னு அவளையே கேட்கறதுதானே?”

“மெசேஜ் போட்டேனுங்க. ‘சும்மாதான்’னு பதில் வந்துது. வருஷா வருஷம் லீவுக்கு ஒரு மாசம் எங்கிட்டதானுங்க இருப்பா. இந்த வருஷம் அதுவும் இல்லைன்னா எனக்கு வேற என்னங்க இருக்கு?”

தண்டபாணி முகத்தைத் துடைத்துக்கொண்டான். சாமிக்கு மனசு இளகிவிட்டது. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் தண்டபாணியின் கண் மொச்சைமேல் போய்விட்டது.

“இதைச் சுடுதண்ணியில போட்டு எடுத்தீங்கன்னா பாதி நேரத்துல வேலை முடியுமுங்க சாமி.”

சாமி வாயை மூடிக்கொண்டார்.

இதுதான் தண்டபாணியோடு வந்த தொல்லை. சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் அந்த ஆசிரமத்துக்கு அவன் வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் கிணற்று மோட்டாரைப் பற்றி ஒரு கருத்து, சமையல் அடுப்பைப் பற்றி ஒரு கருத்து, சாமி தியானத்துக்கு உட்காரும்போது முதுகு வளைவதைப் பற்றி ஒரு கருத்து. கேட்டவர்களுக்கும் சொன்னான், கேட்காதவர்களுக்கும் சொன்னான்.

தன்னைவிட இரண்டு வயது மூத்தவனாயிற்றே, எப்படி அதட்டுவது என்று சாமி முதல் நாள் கூச்சப்பட்டார். இப்போது அந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது.

“மொச்சையை விடுய்யா. நீ பொழுதன்னைக்கும் இங்கேயே உட்கார்ந்திருக்கியே, உன் வேலை என்னாச்சு?”

கேட்டிருக்கக் கூடாது. தண்டபாணி சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான்.

“வேலையைப் பத்தி என்னோட கருத்தே வேறங்க சாமி. எங்க உட்கார்ந்திருக்கோம்ங்கறது முக்கியமே இல்ல. ஆனா எங்க ஆபீஸ்ல இதைப் புரிஞ்சுக்க ஆளில்லை. கம்ப்யூட்டர்ல மவுஸ் அசையலைன்னா ஆள் சீட்ல இல்லைன்னு எழுதிக்குவாங்க. அதனால மவுஸை அசைச்சுக்கிட்டே இருக்கற மாதிரி ஒரு சின்ன மெஷின் வாங்கி வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன்.”

“அப்ப நீ லீவு போட்டுட்டு வரலையா?”

“லீவு எதுக்குங்க? நான் வேலையிலதான் இருக்கேன்.”

சாமி தலைக்கு மேலே இருந்த புளியமரத்தைப் பார்த்தார். மொச்சைக்கூடையைப் பார்த்தார். பிறகு தண்டபாணியைப் பார்த்தார்.

“சரி. உடம்பையாவது கவனிக்கறியா?”

“உடம்பு விஷயத்துல நான் ரொம்பக் கறாருங்க. தினம் பத்தாயிரம் அடி நடந்தாகணும். எங்க கம்பெனியில அதுக்கு ஒரு போட்டி வெச்சிருக்காங்க. எல்லா மாசமும் நான்தான் முதல்.”

சாமிக்குச் சந்தேகம் வந்தது. கீழே கேட்டிலிருந்து ஏறி வருவதற்குள் இவன் மூன்று இடத்தில் உட்கார்ந்ததை அவரே பார்த்திருக்கிறார்.

“எப்ப நடப்பே?”

“ராத்திரியிலங்க. போனை வெச்சு ஆட்டறதுக்குத் தொட்டில் மாதிரி ஒண்ணு விக்கறாங்க. அதுல போட்டுட்டுப் படுத்தோம்னா, காலையில எந்திரிக்கறதுக்குள்ள பத்தாயிரமும் ஏறியிருக்கும்.”

சாமியின் விரலிடுக்கில் ஒரு மொச்சை நசுங்கியது.

“உனக்குச் சர்க்கரை இருக்கா?”

“இருக்குங்க. போன மாசம் ரொம்பவே கூடிப்போச்சு. இவ்வளவு நடந்தும் ஏன் குறையலைன்னு டாக்டருக்கே புரியலைங்க.”

“யோவ், நடக்கறது யாரு?”

“போனுங்க.”

“சர்க்கரை யாருக்கு?”

“எனக்குங்க.”

அதைச் சொல்லும்போதும் தண்டபாணியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இவனுக்கு ஞானம் கொடுப்பதைவிடக் கிணற்றை ஒற்றை ஆளாகத் தூர்வாரிவிடலாம் என்று சாமிக்குத் தோன்றியது. பொறுமையைப் பற்றி ஊரெல்லாம் போய்ப் பேசுகிறவர்தான். தண்டபாணியை யாரும் அதுவரை அவரிடம் அனுப்பி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எப்படியாவது இவனைக் கிளப்பினால் போதும்.

“சாயந்தரம் மணி ஆறு ஆகுது. பொண்ணுகூட விளையாடற நேரம்னியே. போ, போய் விளையாடு.”

“விளையாடிக்கிட்டுத்தானுங்க இருக்கேன்.”

சாமியின் கை நின்றது.

“என்னது?”

தண்டபாணி பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அவர் பக்கமாகத் திறந்து வைத்தான். திரையில் பச்சைப்பசேலென்று ஒரு தீவு தெரிந்தது. மஞ்சள் தொப்பி போட்ட ஓர் ஆள் பூசணிக்காய் பறித்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பாத்தியில் சிவப்புக் கவுன் போட்ட சின்னப் பெண் ஒருத்தி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“இந்த கேமுக்குப் பேரு பசுந்தீவுங்க. மஞ்சத்தொப்பி நான். அந்தச் சிவப்புக் கவுன் மிருது. கேம்னாலே கெட்டதுன்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்குமுங்க சாமி. அப்பா பிள்ளை உறவுக்கு இதைவிட நல்லது...”

“நீதான் இங்க என் உயிரை எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கியே. தொப்பிக்காரன் எப்படிய்யா நடக்கறான்?”

“நான் எப்படி விளையாடுவேன்னு அதுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். ஆறு மணியானா அதுவே வந்துரும். விதைக்கும், பறிக்கும். மிருது ஏதாவது பண்ணினா பாராட்டும்.”

திரையின் அடியில் எழுத்து ஓடியது. ‘சூப்பர் செல்லம்!’ என்றது மஞ்சள் தொப்பி.

‘தேங்க்யூ அப்பா!’ என்றது சிவப்புக் கவுன்.

“பார்த்தீங்களா? எவ்வளவு சந்தோஷமா இருக்கா.”

சாமி கூடையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மொச்சை நாலாபக்கமும் உருண்டது.

“யோவ் தண்டபாணி! அந்தப் புள்ளை அங்க தன்னந்தனியா ஒரு பொம்மைகிட்ட அப்பா அப்பான்னு பேசிக்கிட்டு இருக்கு. நீ இங்க வந்து ஏன் வரமாட்டேங்கறான்னு என்னைக் கேட்கறே. நிறுத்துய்யா அதை! உன் கையால ஏதாவது எழுது!”

சாமி இவ்வளவு உரக்கக் கத்தி ஆசிரமத்தில் யாரும் கேட்டதில்லை. தண்டபாணி பயந்துபோய் எதையோ அழுத்தினான். மஞ்சள் தொப்பி, பறித்த பூசணிக்காயோடு அப்படியே நின்றுவிட்டது.

“என்னங்க எழுதட்டும்?”

“அதையும் நான்தான் சொல்லணுமா? சாப்பிட்டியான்னு கேளு.”

தண்டபாணி எழுதினான். ‘சாப்பிட்டியா கண்ணு?’

பதில் உடனே வந்தது. ‘தேங்க்யூ அப்பா!’

தண்டபாணிக்கு முகம் மலர்ந்தது. “என்னா வேகம் பாருங்க.”

“சாப்பிட்டாளா இல்லையா?”

அது சரிதான் என்று தண்டபாணிக்கும் பட்டது. மறுபடி எழுதினான். ‘லீவுக்கு ஏன் வரலை? அப்பா மேல கோவமா?’

‘தேங்க்யூ அப்பா!’

சிவப்புக் கவுன் அடுத்த பாத்திக்கு நகர்ந்து தண்ணீர் ஊற்றியது. அந்த வரிசை முடிந்ததும் திரும்பி, ஏற்கெனவே நனைந்த முதல் பாத்திக்கே போனது.

தண்டபாணி திரைக்குப் பக்கத்தில் குனிந்தான். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அடித்தான். ‘மிருது, அப்பா கீழ விழுந்துட்டேன். கை உடைஞ்சிருச்சு.’

‘தேங்க்யூ அப்பா!’

சிவப்புக் கவுன் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய், மறுபடியும் திரும்பியது.

“போன லீவுக்கு வந்தப்ப கேட்டாளுங்க சாமி,” என்றான் தண்டபாணி. “தொப்பிக்காரன் எப்படித் தானா நடக்கறான், எனக்கும் சொல்லிக் கொடுங்கன்னு. அன்னிக்கே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். எம்பொண்ணு எவ்வளவு கெட்டிக்காரின்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னேன்.”

சாமிக்கு அவன்மேல் இருந்த எரிச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாவமாக இருந்தது. தான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாமோ என்றுகூட நினைத்தார்.

“அப்ப, எப்ப இருந்து அவ இல்லைங்க சாமி?”

“என்னைக் கேட்டா?”

“எனக்குத் தெரியலைங்களே. நேத்து இருந்தாளா? தீபாவளிக்கு இருந்தாளா? எதுவுமே தெரியலைங்களே.”

“அவளைக் கேளுய்யா.”

“மெசேஜ் போட்டு...”

“யோவ்!”

எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. அது ஒன்றும் தூரமாகப் போயிருக்கவில்லை போலிருக்கிறது.

“உனக்கு வாய் இருக்குல்ல? என்கிட்ட நாலு நாளா மூச்சு விடாம அதாலதானே பேசினே? அதால கேளு.”

தண்டபாணி போனை எடுத்தான். அவசரத்தில் முதல் தடவை வேறு யாருக்கோ போய்விட்டது. வெட்டிவிட்டு மறுபடி அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது அடிக்க அடிக்க, எடுக்கமாட்டாளோ என்று சாமியே போன் பக்கம் காதைக் கொண்டுபோனார்.

எடுத்துவிட்டாள். பின்னால் பிள்ளைகள் பந்து பந்து என்று கத்தும் சத்தம் கேட்டது. ஓடி வந்து எடுத்திருக்கிறாள் போல, அவளுக்கு மூச்சு வாங்கியது.

“மிருது... அப்பா பேசறேன்மா.”

பிள்ளைகளின் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. விளையாடும் இடத்தைவிட்டு அவள் தள்ளிப்போகிறாள் என்று தெரிந்தது.

“அப்பா,” என்றாள் மிருதுளா. “நீங்களேவா பேசறீங்க?”