சங்கத்துப் பெயருக்குக் கீழே

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் காளிராஜ். எதிர்ச் சந்தில் தறி போட்டிருக்கிறான், எனக்கு மருமகன் முறை. ஆனால் இந்தக் கதையில் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். மூவரையும் கேட்டுவிட்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறோம். ஆஸ்பத்திரிகள் எல்லாம் மெயிலில்தான் ஆர்டர் கொடுப்போம் என்று ஆனபோது, எங்கள் சங்கம் இணையத்தில் ஒரு பெயர் வாங்கியது. கட்டுத்துணி புள்ளி இன். அதற்குக் கீழே ஆளுக்கொரு பெயரைப் பிரித்துக் கொடுத்தார்கள். காளிராஜ் புள்ளி கட்டுத்துணி புள்ளி இன் என்பது அவனுடையது. அவன் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரைப் போட்டால் என்னுடையது.

நான் ஐந்தாவதோடு நின்றவன். இந்தப் பெயர்களைத் தபால் விலாசம் போலக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். முதலில் நாடு, அப்புறம் சங்கம், அப்புறம் நான்.

அப்படிப் படித்துப் பிரிக்கும் நிரலை மெர்லின் என்ற பெண் சென்னையில் இருந்து எழுதியிருந்தாள். நிரல் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் புதிதாக எழுதுவதில்லையாம். ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர்கள் எடுத்துப் பொருத்திக்கொள்வார்கள். அதை லைப்ரரி என்கிறார்கள். ஒரு பெயர் எந்த இடத்தில் வெட்டுப்படும், எதுவரை ஒரே சொந்தக்காரருடையது என்பதைச் சொல்வதுதான் அவளுடைய லைப்ரரியின் வேலை. ஒரே பெயருக்குக் கீழே இத்தனை கடைகள் இருப்பதைப் பார்த்து, அவள் எங்கள் செயலாளர் சுந்தரமகாலிங்கத்துக்குப் போன் செய்தாள். அன்று சங்கக் கூட்டம். அவர் எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்க பேருக்குக் கீழே இருக்கிற பேரெல்லாம் ஒருத்தரோடதா, இல்ல வேற வேற ஆளுங்களோடதா? வேற வேறன்னா சொல்லுங்க, தனித்தனி ஆளுங்கன்னு என் பட்டியல்ல சேர்த்துடறேன். அப்புறம் ஒருத்தர் செய்யறது இன்னொருத்தரைப் பாதிக்காது."

"அண்ணாச்சி, தனித்தனின்னு சொல்லிருங்க. என் தறி வேற, அவன் தறி வேற" என்றேன்.

பின்னாலிருந்து காளிராஜ் சிரித்தான். "மாமாவுக்கு எப்பவும் தனி அடுப்புதான். கல்யாண வீட்டுக்கே சொந்தத் தட்டோட வருவாரு."

கூட்டமே சிரித்தது. அந்த வருஷம்தான் பாதிப்பேர் பிரிந்து போய்ப் பக்கத்து ஊரில் வேறு சங்கம் வைத்திருந்தார்கள். தனித்தனி என்ற சொல்லே செயலாளருக்கு ஆகாது. போனைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "இங்க பிரிவே கிடையாதும்மா. எல்லாமே சங்கத்தோடதுதான். ஒரே சொந்தக்காரன்னு போட்டுக்கோ."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"யோசிச்சாச்சு." கை தட்டினார்கள்.

பிறகு காளிராஜ் ஒரு காரியம் செய்தான். எங்கிருந்தோ ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரிகளின் மெயில் விலாசத்தை வாங்கி, தன் பெயரிலிருந்து தினமும் விளம்பரம் அனுப்பினான். பல ஆஸ்பத்திரிகள் அவனைத் தொல்லைக்காரன் என்று தடுத்துவிட்டன. மதுரையில் நான் துணி கொடுத்து வந்த தர்ம ஆஸ்பத்திரியும் தடுத்தது. அங்கே மெர்லினின் லைப்ரரியைத்தான் பொருத்தியிருந்தார்கள். சொந்தக்காரர் யார் என்று அதைக் கேட்டார்கள். சங்கம் என்றது. சங்கத்துப் பெயருக்குக் கீழே இருந்த எல்லாருக்கும் கதவு அடைபட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

பட்டாசு ஆலை ஒன்றில் தீப்பிடித்த அன்று, அந்த ஆஸ்பத்திரியில் ஸ்டோர் பார்க்கும் இருதயமேரி சிஸ்டரிடமிருந்து மெயில் வந்தது. "தீக்காயம் நிறையப் பேர். துணி இருக்கிறதா?" இருக்கிறது என்று உடனே பதில் போட்டேன். அவர்கள் சரி என்று எழுதிய பிறகுதான் வண்டி கிளம்பலாம், அது அங்கே சட்டம். மூட்டைகளை ஏற்றி வண்டியை வாசலில் நிறுத்திக் காத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "எதுவானாலும் மெயில்ல எழுதுங்க" என்றார்கள். மறுபடி எழுதினேன். மறுபடி எழுதினேன்.

ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. என் பதிலுக்கு சிஸ்டர் காத்திருந்தார். அவர் சரி என்பதற்கு நான் காத்திருந்தேன். துணி மறுநாள் கோயம்புத்தூரிலிருந்து போனது. அதுவரை பழைய வேட்டிகளை வேகவைத்துக் கிழித்துக் கட்டினார்களாம்.

நேரில் போனேன். சிஸ்டர் கோபப்படவில்லை. "உங்களைத்தான் நம்பியிருந்தேன் ஐயா. இல்லைன்னாவது ஒரு வரி போட்டிருக்கலாம்" என்றார். போட்டேன் என்றேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. துணி கொடுப்பவர்கள் பட்டியலிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

மெயில் ஏன் போகவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, மூன்று பேரையும் கேட்டேன்.

காளிராஜ்: "விளம்பரம் போடறது குத்தமா மாமா? நான் என் பேர்லதான போட்டேன்?"

மெர்லின்: "தெரியாததை நானா முடிவு பண்ணல ஐயா. கேட்டேன். சொன்னதை எழுதினேன்."

சுந்தரமகாலிங்கம்: "ஒத்துமைக்காகச் சொன்னது. அதைப் போய் ஆஸ்பத்திரியில மாத்திச் சொன்னா நம்ம சங்கம் என்னத்துக்கு ஆகும்?"

சிஸ்டர் முன்னால் போய் நின்று, இவர் பதில் போட்டார், தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டிய கடன் ஒருவருக்கு இருக்கிறது. இந்த மூவரில் அது யார்?

விடை: ஊரில் கேட்டால் காளிராஜ் என்கிறார்கள். அவன் செய்தது தொல்லை. அதற்கு அவன் கதவு அடைபட்டது, அதோடு அவன் கணக்கு முடிந்தது. மெர்லினை நான் கொஞ்ச நாள் திட்டினேன். ஆனால் வெட்டும் இடம் தெரியாமல் அவள் வெட்டவில்லை, தெரிந்தவரைக் கேட்டாள், யோசிக்கவும் சொன்னாள். எங்கள் தறிகள் வெவ்வேறு என்று தெரிந்தே ஒன்று என்றவர் சுந்தரமகாலிங்கம். காளிராஜ் செய்ததை என் தலையில் ஏற்றியது அந்தப் பேச்சு. கடன் அவருடையது. போன மாதம் அவரையே திரும்பவும் செயலாளராக்கி மாலை போட்டார்கள். வருகிற தையில் இருதயமேரி சிஸ்டர் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு செயலாளர் சொல்ல வந்தாலும் கேட்க வேண்டிய ஆள் அங்கே இருக்க மாட்டார். இன்று வரை சுந்தரமகாலிங்கம் மதுரைக்கு பஸ் ஏறவில்லை.