தொட்டிக்குப் பின்னால் ஒரு கடல்

ஒரு வீட்டு மீன்தொட்டியில் இரண்டே பேர் குடியிருந்தார்கள். ஒருவர் பட்டாபி என்ற ஏஞ்சல் மீன். துடுப்பை விரித்தால் பட்டு அங்கவஸ்திரம்தான்! இன்னொருவர், கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசியைச் சுரண்டித் தின்னும் சக்கர் மீன். அவருக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் வீட்டுக்காரர்கள் இருவரையும் வாளியில் விட்டுவிட்டு, தொட்டியின் பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து நீலப் பெயின்ட் அடித்தார்கள். காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி, கடையிலிருந்து ஒரு கூட்டத்தையே கொண்டுவந்து சேர்த்தார்கள். தங்கராசு என்ற குண்டுத் தங்கமீன், பத்துக் கைக்குழந்தைகளோடு கருப்பு மோலி அத்தை, அத்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு மினுக்கி என்ற கப்பி மீன்.

"அடேயப்பா! பின்னாடி எவ்வளவு நீலம்!" என்று வாயைப் பிளந்தார் தங்கராசு.

பட்டாபிக்கு வயிறு எரிந்தது. இத்தனை நாள் தனக்கு விழுந்த தீனியில் இனி இத்தனை பேருக்குப் பங்கா? சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"நீலமா? அது கடல் ஐயா, கடல்!" என்றார். "மேலே மூடியில ஒயர் போற சந்து இருக்கே, அது வழியா பின்பக்கம் ஒரே எம்பு! அள்ள அள்ளத் தீனி! பங்குச் சண்டையே கிடையாது!"

மோலி அத்தையின் கண் விரிந்தது. மினுக்கியின் கண் சுருங்கியது.

"கடல்னா அலை எங்கே?"

"அமைதியான கடல்!"

"அவ்வளவு நல்ல கடலுக்கு நீங்க ஏன் இன்னும் போகலை?"

"உங்களையெல்லாம் வழியனுப்பணுமே! தியாகம் அம்மா, தியாகம்!" பட்டாபி துடுப்பைச் சிலுப்பினார். "இந்த வயசுலயே இவ்வளவு வாயா? இவளை எவன் கட்டுவான்?"

"அது என் பாடு! கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!"

அத்தைதான் அதட்டினாள். "சும்மா இருடி! பத்துப் பிள்ளைங்களை வச்சிருக்கேன். ஒரு சிட்டிகை தீனிக்கு இங்கே எத்தனை வாய்! மதியத் தீனி முடிஞ்சதும் நாங்க குதிக்கிறோம்."

மினுக்கிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்போதுதான் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த சக்கரைப் பார்த்தாள். காலையிலிருந்து அவளும் பத்துத் தடவை அவரைத் தாண்டிப் போயிருந்தாள். ஒரு தடவைகூட நின்றதில்லை.

"அண்ணே, இது கடலா?"

சக்கர் கண்ணாடியிலிருந்து வாயை எடுத்தார். "பெயின்ட்டும்மா. பிரஷ் முடி ஒண்ணு ஒட்டிக் காய்ஞ்சு கிடக்கு பாரு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சொல்லத்தான் வந்தேன். 'அழுக்குத் தின்னி, தள்ளிப் போ'ன்னு தங்கராசு அண்ணாச்சி விரட்டிட்டாரு. அதுக்கப்புறம் யாரு கேட்டீங்க?"

மினுக்கி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "நானும்தான் கேட்கலை, அண்ணே."

சக்கர் தொடர்ந்தார். "கீழ் மூலையில, கூழாங்கல்லுக்குப் பின்னாடி பிரஷ் எட்டலை. நகக்கண் அளவு இடம் தெளிவா இருக்கு. கூட்டிட்டு வந்து காட்டு."

அதற்குள் மதியத் தீனி முடிந்துவிட்டது! மேலே சந்துக்குக் கீழே பத்துப் பிள்ளைகளும் வரிசை கட்டி நின்றன. அத்தை வாலை மடித்துத் தயாரானாள்.

"அத்தை, நில்லுங்க!" மினுக்கி பாய்ந்து குறுக்கே விழுந்தாள். "ஒரே ஒரு தடவை கீழே வந்து பாருங்க. அப்புறமும் கடல்னு சொன்னா, உங்களுக்கு முன்னாடி நானே குதிக்கிறேன்!"

அத்தை முனகிக்கொண்டே இறங்கினாள். சக்கர் கூழாங்கல்லை முட்டி ஒதுக்கினார். அத்தை அந்த இடத்தில் கண்ணை வைத்தாள்.

மஞ்சள் சுவர். ஒரு பிளக். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே, தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரின் சூட்டில் சுகமாகப் படுத்துக்கொண்டு, மூடியின் சந்துப் பக்கமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வீட்டுப் பூனை!

"ஐயையோ! கடலுக்கு மீசை இருக்குடி!" என்று அலறிப் பிள்ளைகளையெல்லாம் வாரி அணைத்தாள் அத்தை.

"எங்கே, எங்கே?" என்று எட்டிப் பார்த்த தங்கராசு, கூழாங்கற்களுக்கு இடையில் தொப்பை மாட்டிக்கொண்டு தவித்தார். அவர் விரட்டிய சக்கர்தான் அவரையும் இழுத்து விட்டார்.

எல்லோரும் பட்டாபி பக்கம் திரும்பினார்கள்.

"வழியனுப்ப நாங்க தயார்!" என்றாள் மினுக்கி. "முதல்ல நீங்க எம்புங்க!"

பட்டாபி அங்கவஸ்திரத்தைச் சுருட்டிக்கொண்டு பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் போனவர்தான். மறுநாள் தீனிக்குக் கடைசி ஆளாகத்தான் வந்தார்.

அன்று விழுந்த முதல் உருண்டையைத் தங்கராசே அடிவரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். "அண்ணே, நீங்க சாப்பிடுங்க!"

"எனக்குத்தான் பாசி இருக்கே, அண்ணாச்சி."

"இருக்கட்டுமே! சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க, இந்தத் தொட்டியில இன்னும் என்னென்ன இருக்கு?"

கடலைப் பற்றி அழகாகப் பேசுகிறவரை நம்புவதற்கு முன், கண்ணாடியைத் தினமும் துடைக்கிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.