அரிசி மூட்டையின் தலை

"நல்ல டிரெயினர எப்படிக் கண்டுபிடிக்கிறது மாஸ்டர்?"

சண்முகக்கனி வாசலில் நின்றபடியே கேட்டாள். வணக்கம் சொல்லவில்லை. யார் எவர் என்றும் சொல்லவில்லை. நேராகக் கேள்விதான்.

பிலோமினா மாஸ்டர் ஒரு நீளக் கம்பிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியில், ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஜிம் அவளுடையது. மாநிலப் போட்டிகளில் எடை தூக்கியவள். சண்முகக்கனியைவிட வயது குறைவு. ஆனாலும் ஊரில் எல்லாருக்கும் அவள் மாஸ்டர்தான்.

"உள்ள வாங்கக்கா. இதுக்கு முன்ன எங்கயும் போனீங்களா?"

"ரெண்டு இடம் போனேன். ரெண்டும் வெளங்கல."

"எதப் பாத்துச் சேந்தீங்க?"

"மொத எடத்துல அவன் கையப் பாத்தேன். இம்மாத்தண்டி இருந்துச்சு. நம்மளையும் பலமாக்கிருவான்னு சேந்துட்டேன். அவன் கண்ணாடியப் பாத்துக்கிட்டேதான் எனக்குச் சொல்லிக் குடுத்தான்."

"உங்களப் பாக்கவே இல்லையா?"

"கண்ணாடிக்குள்ள நான் வந்தா பாப்பான்."

மாஸ்டர் சிரித்துவிட்டாள். சண்முகக்கனி சிரிக்கவில்லை.

"அடுத்த எடத்துல செவரு பூரா போட்டோ. முன்னால குண்டு, பின்னால ஒல்லி. அதப் பாத்து ஏமாந்தேன். மிஷின்ல ஏத்தி ஓடவிட்டாங்க. ஓடி ஓடி இடுப்பு பிடிச்சு, குனியவே முடியாமப் போச்சு."

"என்ன வேணும்னு அவங்ககிட்டச் சொன்னீங்க?"

"தொப்ப குறையணும்னு."

மாஸ்டர் அவளைப் பார்த்தாள். சண்முகக்கனிக்குத் தொப்பையே கிடையாது. கட்டை குட்டையான உடம்பு. வலது கை மட்டும் இடுப்பை விட்டு நகரவே இல்லை.

"உண்மையச் சொல்லுங்கக்கா. எதத் தூக்கி இடுப்பு இப்படி ஆச்சு?"

"அரிசி மூட்ட."

"கட வச்சிருக்கீங்களா?"

"இல்ல." கொஞ்சம் யோசித்தாள். "ஆமா."

பொய் சொல்லிப் பழகாதவர்கள் பொய் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

மாஸ்டர் தோண்டவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏல டெல்சா, அந்தச் சின்ன மணல் மூட்டயக் கொண்டா."

டெல்சன் அங்கே டிரெயினர். நெடுநெடுவென்று இருப்பான். எதையும் பாதி ஓட்டமாகத்தான் செய்வான். மூட்டையைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து, இரண்டு பேருக்கும் நடுவில் தொம்மென்று போட்டான்.

"எய்யா, மெதுவா!" சண்முகக்கனி கத்திவிட்டாள்.

டெல்சனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மணல்தானக்கா. அழவா போகுது?"

"நீ சும்மா இருல," என்றாள் மாஸ்டர். "அக்கா, இதான் உங்க அரிசி மூட்டன்னு வச்சுக்கோங்க. கனம் கம்மிதான், பயப்படாதீங்க. வீட்டுல எப்படித் தூக்குவீங்களோ அப்படியே தூக்கி அந்தப் பெஞ்சுல வைங்க. முடியலன்னா விட்டுருங்க."

சண்முகக்கனி துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினாள். மூட்டையை நெஞ்சோடு அணைத்தாள். உடனே தூக்கவில்லை. எதற்கோ காத்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்."

எழுந்தாள். பெஞ்சுக்குப் போனாள். இறக்கும்போது மூட்டையின் ஒரு முனைக்கு அடியில் இடது உள்ளங்கையைக் கொடுத்தாள். மற்ற முனை முதலில் படிந்தது. பிறகுதான் இந்த முனை. கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தாள்.

மாஸ்டர் கம்பியைக் கீழே வைத்தாள்.

"அரிசி மூட்டைக்குத் தல இருக்காக்கா?"

சண்முகக்கனி தன் கையைப் பார்த்தாள். உள்ளங்கை இன்னும் குழிந்தே இருந்தது. அப்படியே பெஞ்சில், மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் மவன்," என்றாள். "இசக்கி. பதினாறு வயசு. பொறந்ததுலருந்து காலு நிக்காது."

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. நாற்காலியிலிருந்து குளியலறைக்கு. மறுபடி கட்டிலுக்கு. எல்லாம் அவள்தான். புருஷன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான், வீட்டில் தங்குவது அபூர்வம். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பை மாடியில் வைத்தார்கள். இசக்கி கீழேயே இருந்தான். படிப்பு அத்தோடு முடிந்தது. அவன் மண்டையில் ஒரு குறையும் இல்லை. படிக்கட்டுதான் காரணம்.

"இப்ப அவரு மதுரப் பக்கம் ஒரு விடுதி பாத்து வச்சிருக்காரு. நீயும் விழுந்துட்டா அவன யாரு பாப்பான்னு கேக்காரு. கெட்ட எண்ணம்னு சொல்ல மாட்டேன். நான் செவரப் பிடிச்சிட்டு நிக்கதப் பாத்துட்டுதான் சொல்லுதாரு. பொங்கல் வரைக்கும் பாப்போம்னு இருக்காரு. அதுக்குள்ள எனக்குத் தெம்பு வரணும் மாஸ்டர். இல்லன்னா அவனக் கொண்டுபோயிருவாங்க."

"இத ஏன் அந்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லல?"

"பிள்ள கனத்துப்போச்சுன்னு பெத்தவ வாயால சொல்லலாமா? கண்ணு பட்டுராதா?" குரலைத் தாழ்த்தினாள். "ஏற்கெனவே பட்டுருச்சுன்னுதான் நெனைக்கேன். சாப்பாடே எறங்க மாட்டேங்கு."

"என்ன சாப்பிடுவான்?"

"தோசன்னா உசுரு. போடப் போட உள்ள போயிட்டே இருக்கும். இப்ப ஒண்ணர. கூட ஒண்ணு போடட்டான்னு அடுப்புலருந்து திரும்பிக் கேட்டா, என்னய ஒரு பார்வ பாக்கான். போதும்மா, வயிறு நெறஞ்சிருச்சுங்கான். உப்பும் வத்தலும் சுத்திப் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் கேக்கல."

மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தை அல்ல. இடுப்பில் இருந்த அந்தக் கையை.

டெல்சன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். இப்போது மூட்டையை எடுத்து வைக்க வேண்டும், அது அவன் வேலை. வந்தான். தோளில் போடவில்லை. முழங்காலை மடக்கினான். அவள் கை கொடுத்த அதே முனைக்கு அடியில் கையைக் கொடுத்தான். தூக்கிக்கொண்டு மூலைவரை மெதுவாக நடந்தான். சத்தமே வராமல் இறக்கி வைத்தான். அப்படிச் செய் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அங்கிருந்தே கேட்டான்.

"யக்கா, தூக்கும்போது தம்பி உங்க கழுத்தப் பிடிச்சுக்கிடுவானா, இல்ல கை சும்மா தொங்குமா?"

"ஒரு கையாலதான் பிடிப்பான். இன்னொண்ணு அவ்வளவு வராது."

"அப்ப கனம் பூரா ஒரு பக்கமாத்தான் இழுக்கும். அதான் உங்களுக்கும் ஒரு பக்கம் மட்டும் வலிக்கு, என்ன?"

சண்முகக்கனி திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளில் ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. கேட்க அவள் விட்டதும் இல்லை.

"எத்தன கிலோ இருப்பான்?"

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா. என் கண்ணு சின்னக் கண்ணுதான். பட்டாலும் பெருசா ஒண்ணும் ஆகாது."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சொன்னாள். மிக மெதுவாகத்தான் சொன்னாள். டெல்சன் தலையை மட்டும் ஆட்டினான். அடேயப்பா என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது மாஸ்டரைத் தனியாகப் பிடித்தாள்.

"இந்தத் தம்பிகிட்டயே சேந்துக்கிடுதேன். ஆனா மத்த ரெண்டு பேரும் மொதல்ல நல்லாத்தான் தெரிஞ்சாங்க. இவன் நல்ல டிரெயினருதான்னு எனக்கு எப்பத் தெரியும்?"

"உங்க மவன் இன்னொரு தோச கேட்டான்னா, அன்னைக்கு வந்து சொல்லுங்க."

"டிரெயினருக்கும் தோசைக்கும் என்ன மாஸ்டர் சம்பந்தம்?"

மாஸ்டர் கம்பியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

சண்முகக்கனிக்கு எரிச்சல்தான் வந்தது. நேராகக் கேட்டால் நேராகச் சொல்ல வேண்டியதுதானே. முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். நின்றாள். கை தானாக இடுப்புக்குப் போனது.

அப்போதுதான் அந்தப் பார்வை ஞாபகம் வந்தது. போதும்மா என்று சொல்லுமுன் இசக்கி தட்டைப் பார்ப்பதில்லை. அவள் முகத்தையும் பார்ப்பதில்லை. இந்தக் கையைத்தான் பார்ப்பான்.

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. கண்டக்டர், "எம்மா, வாறியா இல்லையா?" என்று கத்திவிட்டுப் போனார்.

டெல்சன் முதல் வாரமே வீட்டுக்கு வந்தான். கட்டில் எவ்வளவு உயரம், நாற்காலி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்றான். இசக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்கதான் டிரெயினரா? ஊதுனா பறந்துருவீங்க போலயே."

"ஊதிப் பாரேன்."

"என்னய ஒல்லியாக்க வந்தீங்களா?"

"உன்னய நான் ஏம்ல ஒல்லியாக்கணும்? உங்கம்மாவப் பலமாக்க வந்தேன். நீ எவ்வளவு வெயிட்டு வேணாலும் போட்டுக்கோ."

"எவ்வளவு வேணாலுமா?"

"எவ்வளவு வேணாலும்."

இசக்கி அதை நம்பவில்லை. அன்று ராத்திரியும் ஒன்றரைதான் சாப்பிட்டான். சண்முகக்கனி ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கட்டிலுக்கு அடியில் நாலு கட்டை கொடுத்து டெல்சன் அதை உயர்த்தினான். நாற்காலியை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றினான். ஜிம்மில் அவளை ஓடவிடவில்லை. முதலில் வெறும் கையோடு உட்காரவும் எழவும் வைத்தான். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "இதுக்கா நான் பஸ்ஸு ஏறி வாறேன்?" என்று சத்தம் போட்டாள். "ஆமாக்கா, இதுக்குத்தான்," என்றான். பிறகு மூட்டை வந்தது. அதற்குப் பிறகு அதைவிடப் பெரிய மூட்டை. வலிக்கிறது என்று அவள் சொன்ன நாளில் மூட்டையை எடுத்து வைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். வலித்தும் சொல்லாத நாளில் திட்டினான்.

ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அவள், "வந்துட்டேன், வந்துட்டேன்," என்றாள். பக்கத்தில் கம்பி தூக்குகிற பையன்கள் சிரித்தார்கள். டெல்சன் அவர்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவர்கள் சிரிக்கவில்லை.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு காலையில் சண்முகக்கனி ஜிம்முக்குத் தாமதமாக வந்தாள். தலை கலைந்திருந்தது. விரல்களில் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. மாஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏன்க்கா லேட்டு?"

"மாவு தீந்துபோச்சு மாஸ்டர்."

மாஸ்டர் அவள் விரல்களில் இருந்த மாவைப் பார்த்தாள்.

"அவரும் லாரியிலருந்து எறங்கி, பசிக்குன்னு தட்டத் தூக்கிட்டு வந்து நின்னாரு. அவருக்கு ஒரு தோசகூட இல்ல. பக்கத்து வீட்டுல மாவு கடன் வாங்கி ஊத்தினேன். அதையும் இசக்கியே தின்னுட்டான். அப்புறம் நான்தான் இவனத் தூக்கி நாக்காலியில உக்கார வச்சேன். அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு."

"விடுதியப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"கடைக்குப் போயி நாளைக்கு அரிசியும் உளுந்தும் கூட வாங்கிட்டு வாறேன்னாரு."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இடுப்பில் கை இல்லை.

மாஸ்டர் உள்ளே திரும்பினாள்.

"ஏல டெல்சா, அக்காவுக்கு வெயிட்டக் கூட்டு."