மலை லைன்

"நான்தான் வந்துட்டேனே மேடம்," என்றார் பரஞ்சோதி. "இன்னும் எதுக்கு அவ எல்லாத்துக்கும் மாமாவையே கூப்பிடுறா?"

ஃபரீதா ஒரு வயரை எடுத்து முனையைச் சீவினாள்.

பரஞ்சோதியைவிட அவள் பல வயது இளையவள். ஆனாலும் திண்டுக்கல்லில் இருந்த அந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் அறையில் அவள்தான் குரு. அவர் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்.

மனைவி இறந்தபோது மகள் பவானி தவழ்ந்துகொண்டிருந்தாள். குழந்தையை மச்சான் கையில் கொடுத்துவிட்டு பினாங்குக்கு வேலைக்குப் போனார். இடையில் இரண்டு முறை வந்தார். வந்த வேகத்தில் போனார். இப்போது ஒரேயடியாக வந்திருந்தார். பவானி கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"நேத்து அவளுக்குக் காய்ச்சல். நான் பக்கத்து அறையிலதான் இருக்கேன். போனை எடுத்து மாமாவைக் கூப்பிடுறா. அவரும் நாலு தெரு தாண்டி ஓடி வர்றார்."

"சரி."

"திரும்பப் போயிடலாம்னு இருக்கேன். ஏஜென்டுகிட்ட பேசிட்டேன்."

"போங்க சார்," என்றாள் ஃபரீதா. "இன்னிக்கு மட்டும் மலை லைனைப் பாத்துக்குங்க."

ஆஸ்பத்திரிக்கு மலைமேல் ஒரு கிளை உண்டு. பேச்சைப் பாதை பார்த்து அனுப்பும் ரூட்டர் பெட்டி அங்கே ஒன்று, இங்கே ஒன்று. டெலிபோன் பேச்சு முழுவதும் இவை இரண்டுக்கும் நடுவில் ஓடியது. வழக்கமான பாதை, மலைச்சாலை ஓரமாகப் புதைத்த கேபிள். அது அறுந்தால் பேச்சு தானாகவே கம்பியில்லாத ரேடியோவுக்கு மாறிவிடும். ரேடியோவில் குரல் கொஞ்சம் மெலிந்து கேட்கும். ஆனால் கேட்கும்.

அன்று காலை மழையில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்திருந்தது. மதியத்துக்குள் ஆட்கள் ஒட்டுப்போட்டுவிட்டார்கள். ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது.

பேச்சு மட்டும் ரேடியோவிலேயே போய்க்கொண்டிருந்தது.

பரஞ்சோதி கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

கம்ப்யூட்டரில் தேடினார். கேபிள் திரும்பி வந்தாலும் கொஞ்ச நேரம் காத்திருந்த பிறகே பேச்சை அதற்கு மாற்ற வேண்டும் என்று ஃபரீதா வைத்திருந்தாள். அந்தக் காத்திருப்பை அவர் எடுத்துவிட்டார்.

உடனே பேச்சு கேபிளுக்குத் தாவியது.

"அதுதானே நியாயம்," என்று வாய்விட்டுச் சொன்னார். நெஞ்சு குளிர்ந்தது.

அதே நேரம் மலையிலிருந்து லூர்து சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட்டார். எஸ்டேட்டில் ஒருவரைக் கதண்டுக் குளவி கொட்டிவிட்டது. உடம்பெல்லாம் வீக்கம். மூச்சு இழுக்கிறது.

"டாக்டர், ஊசி எவ்வளவு போட..."

லைன் அறுந்தது.

மறுபடி கூப்பிட்டார். மறுபடி அறுந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் தண்ணீர் இறங்கியிருந்தது. கேபிள் வந்தது, போனது, வந்தது. வரும்போதெல்லாம் பேச்சு அதை நம்பி ஓடியது. ஓடிய இடத்தில் விழுந்தது.

டாக்டர் வராந்தாவிலிருந்து கத்தினார். "லைனை என்னய்யா பண்றீங்க? அங்க ஒரு உயிர் போயிட்டிருக்கு!"

ஃபரீதா வெளியிலிருந்து ஓடி வந்தாள். ரூட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள்.

பேச்சு ரேடியோவில் போய் நின்றது. மெலிந்த குரலில் சிஸ்டர் கேட்டார். டாக்டர் அளவு சொன்னார். சிஸ்டர் அதைத் திருப்பிச் சொன்னார்.

பிறகு கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மூச்சு பரவாயில்ல டாக்டர்," என்றார் சிஸ்டர் கடைசியில். "கண்ணைத் திறக்கிறார்."

பரஞ்சோதி சுவரோடு சாய்ந்து நின்றார்.

"நான்தான் மேடம் அதை எடுத்தேன்."

"தெரியும்."

கேபிள் முனையை அவர் கையில் கொடுத்தாள்.

"காத்திருப்பைப் பழையபடி வச்சுட்டு, இதை மாட்டுங்க."

"நானா?"

"நீங்கதான்."

மாட்டினார். விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. மலையில் ஆட்கள் மழையோடு மழையாக மறுபடி ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் மேடம்?"

"விடாம எரியணும். நடுவுல ஒரு தடவை அணைஞ்சாலும் முதல்லேருந்து."

"அதுவரைக்கும்?"

"ரேடியோ பாத்துக்கும்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு முறை விளக்கு அணையும்போதும் அவர் கை எழுந்தது. ஒவ்வொரு முறையும் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. பாறை உச்சியில் ரேடியோ கோபுரம் மழையில் நனைந்துகொண்டு நின்றது. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

மழை விட்டது. விளக்கு அணையாமல் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

எப்போது என்று தெரியவில்லை, பேச்சு கேபிளுக்கு மாறியிருந்தது. சிஸ்டர் ஸ்டோருக்குப் போன் செய்து போர்வை அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சில் ஒரு தடங்கல்கூட இல்லை.

"மாறினது சிஸ்டருக்குத் தெரிஞ்சிருக்குமா மேடம்?"

"எப்படித் தெரியும்?"

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கடைசி வரைக்கும் மாறாமலே போயிட்டா?"

ஃபரீதா அறையைப் பூட்டச் சாவியை எடுத்தாள்.

"ஏஜென்டுகிட்ட பேசிட்டுக் கழண்டு போற வயரு இதைக் கேக்கக் கூடாது சார்."

அவர் வீட்டு வாசலில் மச்சானின் ஸ்கூட்டர் நின்றது. உள்ளே பவானி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் அவர் தெருமுனைக்கே திரும்பிப் போயிருப்பார்.

ஸ்கூட்டர் சீட்டில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. தோள் துண்டால் அதைத் துடைத்தார். தன் சைக்கிளைப் பக்கத்தில் நிறுத்தினார்.

உள்ளே போனார்.