முரடன் காத்த மண்மேடு

காடு அழிந்துபோன இடத்தில் முரடன் என்ற காட்டுப்பன்றி தன்னந்தனியாக வாழ்ந்தது. நிலக்கரி தோண்ட மனிதர்கள் வந்தபோது முயலும் கீரியும் ஓடிவிட்டன. முரடனின் உயிர்த்தோழியான கௌதாரியும் பறந்துவிட்டது. முரடன் மட்டும் வீம்பாக நின்றுவிட்டது.

தோண்டியவர்கள் காட்டின் மேல்மண்ணைத் தனியே ஒரு மேடாகக் குவித்தார்கள். கரி தீர்ந்ததும் பள்ளத்தை அடிமண்ணால் மூடினார்கள். மேல்மண்ணை அதன்மேல் பரப்பாமலே கிளம்பிப் போனார்கள். மூடிய இடம் வெறும் களிமண்ணாக வெடித்துக் கிடந்தது. அதில் ஒரு புல்கூட முளைக்கவில்லை.

“காட்டுல மிச்சம் இந்த மேடுதான். எல்லாரும் திரும்பி வர்ற வரைக்கும் இதுல யாரையும் கை வைக்க விடமாட்டேன்” என்று முரடன் மேட்டின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. மாலையானால் கௌதாரியின் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். பாவம், பேச்சுத் துணைக்கு ஓர் ஈ எறும்புகூட இல்லை.

முதல் மழையில் மேட்டுக்குள்ளிருந்து ஒரு மண்புழு தலைநீட்டியது.

“அண்ணே, உள்ளே மூச்சு முட்டுது. எங்க ஆளுங்க பாதிப் பேர் செத்துட்டாங்க. இந்த மண்ணைக் களிமேல பரப்பி விடுண்ணே.”

“எல்லாரும் வரட்டும், பரப்பலாம்.”

“புல்லே இல்லாத இடத்துக்கு யாருண்ணே வருவாங்க?”

“உன் வேலையைப் பாரு!” என்று முரடன் உறுமியது. புழு உள்ளே போய்விட்டது.

ஒருநாள் கௌதாரி வந்தேவிட்டது! பசியோடு மேட்டில் இறங்கி இரை தேடிக் கிளறியது. முரடன் மேட்டைக் காக்கும் வேகத்தில் கோரைப்பல்லை நீட்டிக்கொண்டு பாய்ந்தது.

“கிளறாதே! இது உங்களுக்காக வெச்சிருக்கறது!”

“எங்களுக்குன்னா எங்களை ஏன் வெரட்டற?” என்று கேட்டுவிட்டுக் கௌதாரி பறந்துபோனது.

“புழுத் தம்பி, நீயாவது வாடா” என்று முரடன் மேட்டைத் தோண்டியது. உள்ளே மண் புளித்து நாறியது. புழு இல்லை. மேலாக இருந்த கொஞ்சம் மண்ணில்தான் உயிர் இருந்தது.

முரடன் அந்த ஈரமண்ணில் புரண்டது. உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு, புழு கேட்டபடி களிமேல் போய் உதறியது. மழைக்காலம் முழுக்க இதே வேலையாக இருந்தது. கடைசியில் ஒரு பாய் அகலத்துக்குப் புல் முளைத்தது.

கௌதாரி இன்னும் வரவில்லை. முரடன் அந்தப் புல்லை மிதிக்காமல் தள்ளிப் படுத்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது.

பிறருக்கென்று சொல்லிக்கொண்டு பிறரை அண்டவிடாமல் காப்பவன், பொருளையும் இழப்பான், துணையையும் இழப்பான்.