பால்கனி ஓரத்து நாற்காலி

ராத்திரி விளக்கணைத்ததும் பால்கனியில் ‘டிக்’கென்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால், சுவரையொட்டித் தளத்தின் மேல்பக்கம் நீளமாய் விரிசல். கைக்குழந்தையோடு அந்தப் புது வீட்டுக்குக் காவலிருந்த சித்தாள் ஞானசெல்வம், கான்ட்ராக்டர் துரைப்பாண்டியனை வரவழைத்தாள்.

“நீட்டி நிக்கிற தளத்துல மேல்பக்கம்தான் இழுபடும் சார். கம்பி மேலே இருக்கணும். கான்கிரீட் கொட்டும்போது உங்க ஆளுங்க மிதிச்சுக் கீழே அமுக்கிட்டாங்க.”

“சட்டி சுமக்கிறவ எனக்குப் பாடம் சொல்றியா? பத்துப் பேர் நின்னாலும் தாங்கும். உடைக்காம நிரூபி. இல்லேன்னா குழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்பு.”

அவள் உள்ளேயே நின்றபடி, விளக்குமாற்றால் ஒரு நாற்காலியைப் பால்கனி ஓரத்துக்குத் தள்ளினாள்.

“பத்துப் பேர் வேண்டாம், நீங்க மட்டும் உட்காருங்க. டீ கொண்டாறேன்.”

கான்ட்ராக்டர் விரிசலைப் பார்த்தார். கால் நிலைப்படியைத் தாண்டவில்லை.

“உடைக்காமலே நிரூபிச்சாச்சு சார்.”

“இடிச்சுப் புதுசா போட்டுத் தர்றேன்,” என்று முனகினார்.

ஞானசெல்வம் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பால்கனிக் கதவை உள்ளே தாழிட்டாள்.